கிறிஸ்துராஜ் சார் மென்று காட்டிய மாலை

சொல்வீங்கி என்று ஒரு மனித வகை உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நோயின் பெயர் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். தொற்றும், ஆனால் கொல்லாது. அநேகமாகக் கொல்லாது.

சைக்கிள் நுழைகிற சந்துக்குள் லாரியைக் கொண்டுபோய்ச் செருகுகிறவர்தான் இவர். சின்னச் சொல் ஒன்று போதும் என்கிற இடத்தில் பெருஞ்சொல் ஒன்றைக் கொண்டுவந்து முட்ட நிறுத்தினால்தான் இவருக்கு உண்ட சோறு செரிக்கும். மழையில் நனைந்தால் இவருக்கு வருத்தமில்லை. பக்கத்தில் நனைகிறவர் அதை வெறுமனே 'ரெயின்' என்று சொல்லிவிட்டால் வருத்தம், கோபம், அன்றைக்கு இரவு தூக்கமில்லை. தமிழில் வீங்குகிறவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மேடையும் சால்வையும் கொடுத்துச் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் வீங்குகிறவருக்கு என்ன கொடுப்பது? நம் பிள்ளைகளைக் கொடுத்துவிடுகிறோம்.

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் அப்படிப் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டவர் கிறிஸ்துராஜ் சார். தொண்ணூறுகளின் பின்பாதி. தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரும், கம்பத்துக்கு ஒரு 'முப்பதே நாளில் ஆங்கிலம்' நோட்டீசும் முளைத்திருந்த காலம். சார் அந்த நோட்டீசுகளைப் பார்த்துச் சிரிப்பார். முப்பது நாளில் வருகிற ஆங்கிலம் டவுன் பஸ்ஸில் சில்லறை கேட்கத்தான் உதவும் என்பது அவர் கருத்து. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர்; மாலையானால் தன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை உள்ள பிள்ளைகளுக்கு உயர்தர ஆங்கிலச் சொல்வளம் ஊட்டுகிறவர்.

அவருக்கு இந்த வீக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இளவயதில் ஒரு கல்லூரி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் நலம் விசாரித்தார். இவர் 'ஃபைன் சார்' என்றார். அடுத்துப் போனவனிடமும் அதே விசாரிப்பு. அவன், தான் 'சலூப்ரியஸ்' நிலையில் இருப்பதாகச் சொன்னது கதவிடுக்கு வழியாக இவர் காதில் விழுந்தது. வேலை அவனுக்குப் போனது. அவன் அந்தப் பெரியவரின் தங்கை மகன் என்று பிற்பாடு ஊரே சொல்லியும் சார் நம்பவில்லை. அந்த ஒரு சொல்தான் தன்னைக் கவிழ்த்தது என்று முடிவு கட்டிவிட்டார். இனி ஒரு பிள்ளையும் 'ஃபைன்' என்று சொல்லிக் கெட்டுப்போகக் கூடாது.

ஆகவே மாடியில் சட்டம் கடுமை. குட், பேட், பிக், ஹேப்பி எல்லாவற்றையும் செருப்போடு சேர்த்துக் கீழேயே கழற்றிவிட்டு வரவேண்டும். மேலே வந்தால் யாரும் நடக்கக் கூடாது, 'ஆம்புலேட்' செய்ய வேண்டும். மெல்லக் கூடாது, 'மாஸ்டிகேட்' செய்ய வேண்டும். துப்புவதென்றால் 'எக்ஸ்பெக்டரேட்'. காய்ச்சல் வந்தால் 'பைரெக்ஸியா' வந்ததாகச் சொன்னால்தான் லீவு. சாதாரணக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தவன் மறுநாள் வந்து திட்டு வாங்குவான்.

கற்பிக்கும் முறைதான் விசேஷம். சார் பொருளைச் சொல்ல மாட்டார். நடிப்பார். பிள்ளைகள் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். மன்றாடுவதற்கு உரிய ஒரு பெருஞ்சொல்லுக்காக அவர் தண்ணீர்த் தொட்டியின் முன் மண்டியிட்டுக் கையேந்திக் கதறியதைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரர்கள் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று சமாதானம் பேச ஓடிவந்ததுண்டு. பிறகு தெருவுக்குப் பழகிவிட்டது. மாடியில் சார் மார்பில் அறைந்துகொண்டு விழுந்தாலும் கீழே காய்கறி வண்டிக்காரர் எடைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். "சாரு இன்னைக்குச் சாவுற வார்த்தை நடத்துறாரு போல" என்பார். அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அரையாண்டுத் தேர்வு வருகிற வரைக்கும்.

ரோஷன் என்று ஒரு பையன், பத்தாம் வகுப்பு. விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி. எல்லோரும் காய்ச்சல் என்று எழுதிய இடத்தில் இவன், தான் பைரெக்ஸியாவால் பீடிக்கப்பட்டிருப்பதாகவும், ஆம்புலேட் செய்ய இயலாத கதியில் இருப்பதாகவும் எழுதிவிட்டு வந்தான். திருத்தியவர் புதிதாக வேலைக்கு வந்த இளம் ஆசிரியை. பயந்துபோய்த் தலைமையாசிரியரிடம் காட்டினார். தலைமையாசிரியர் கணக்குப் பாடக்காரர். அவர் இன்னும் பயந்துபோய் ரோஷனின் அம்மா லூர்தம்மாளுக்கு ஆள் அனுப்பினார். மகனுக்கு என்னவோ பெரிய வியாதியாம், அவனே கைப்பட எழுதியிருக்கிறானாம். லூர்தம்மாள் வழியெல்லாம் அழுதுகொண்டே ஓடிவந்து, பையனை இழுத்துக்கொண்டு நேரே மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அப்படியே ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாக்கை நீட்டச் சொன்னார். பையன் நீட்டினான்.

"நாக்கு நல்லாத்தான்மா இருக்கு. அதுக்குப் பின்னாடிதான் ஏதோ கோளாறு" என்றார்.

ஆங்கிலத்தில் ரோஷன் ஃபெயில்.

இது போதாதென்று அகரத்திலிருந்து சோலைமுத்து வந்தார். மல்லிகை போடுகிற சம்சாரி. மகள் ஜீவிதா சாரிடம் பிளஸ் ஒன்னுக்குப் படிக்கிறாள். அந்த வாரம் பனி அடித்துப் பூ வாடிவிட்டது, சரக்கு அனுப்ப முடியாது என்று பெங்களூர் வியாபாரிக்கு இங்கிலீஷில் ஒரு கடுதாசி எழுதச் சொல்லியிருக்கிறார். ஜீவிதா எழுதினாள். பூ வாடியது என்று சொன்னால் சார் திட்டுவாரே? பூக்களின் 'டிமைஸ்' குறித்து, அதாவது அவற்றின் மரணம் குறித்து, தன் தகப்பனார் 'லமென்ட்' செய்து புலம்புவதாக எழுதினாள். வியாபாரிக்குக் கடிதத்தில் அந்த இரண்டு சொற்கள்தான் புரிந்தன, அதுவும் சாவுத் தந்திகளில் பார்த்த பழக்கத்தால். நல்ல மனிதர். ஆளுயர ரோஜா மாலையோடு பஸ் பிடித்து அகரம் வந்து, யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்துக்கொண்டே வாசலுக்கு வர, சோலைமுத்துவே எதிரே வந்து "வாங்க மொதலாளி" என்று கும்பிட்டிருக்கிறார். வியாபாரி மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். இறந்தவர்தான் எதிரே நிற்கிறார் என்று நினைத்தாராம்.

"நல்ல நாள்ல வந்த மாலையா இருந்தாலும் பரவாயில்ல சாரு" என்றார் சோலைமுத்து. "புள்ளைய நிப்பாட்டிக்கிறேன். அது பேசுறது எங்களுக்கும் வெளங்கல, மாட்டுக்கும் வெளங்கல."

லூர்தம்மாளும் அதையே சொன்னார். ரெண்டு பேர் நிறுத்தினால் நாலு பேர் நிறுத்துவார்கள். கிறிஸ்துராஜ் சாருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலி மாடியில் கரும்பலகையும் தண்ணீர்த் தொட்டியும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவருக்கு ஒரு காட்சி தோன்றியது. கதவிடுக்கு வழியாக மறுபடியும் 'சலூப்ரியஸ்' என்று யாரோ சொன்னது கேட்டது.

"ஏங்க, காய்ச்சலைக் காய்ச்சல்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனா என்ன?" என்றார் மனைவி அல்போன்சா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"அல்போன்ஸ், நீ சொல்றது ரொம்ப..." என்று ஆரம்பித்த சார், அசட்டுத்தனத்தைச் சொல்லும் 'சில்லி' என்பதற்குப் பெருஞ்சொல் தேடினார். அது கிடைப்பதற்குள் அல்போன்சா அடுப்படிக்குப் போய்விட்டார். அவர்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. சண்டைக்குரிய சொல் கிடைப்பதற்குள் சண்டை ஆறிவிடும்.

கடைசியில் சார் ஒரு முடிவுக்கு வந்தார். பெற்றோரை மாடிக்கே அழைத்து, பாடம் நடப்பதைக் கண்ணால் காட்டிவிட வேண்டும். பார்த்தால் எந்தத் தாய் தகப்பனும் மனம் மாறாமல் போவார்களா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொண்டார். பக்கத்து வீடுகளில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாயிற்று. லூர்தம்மாள் முன்வரிசையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தீர்ப்புச் சொல்ல வந்தவர்போல உட்கார்ந்தார். சோலைமுத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பூவுக்குத் தண்ணீர் பாய்ச்ச நேரமாகிறது. தொப்பம்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற முகேஷ்குமார், வகுப்பிலேயே கெட்டிக்காரன், சாருக்காக ஊரிலிருந்து ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தான். அல்போன்சா கீழே எல்லோருக்கும் காபி கலக்கிக்கொண்டிருந்தார்.

முதல் சொல் 'லாக்ரிமோஸ்'. அழுமூஞ்சித்தனம். சார் முகத்தைக் கோணி, தோளைக் குலுக்கி, கைக்குட்டையால் கண்ணை ஒற்றி ஒற்றி அழுது காட்டினார். பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்பதை லூர்தம்மாள் கவனித்துவிட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

சார் அதைப் பார்த்துவிட்டார். அடுத்ததில் விடக் கூடாது. பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்தார். அடுத்த சொல் 'மாஸ்டிகேட்', மெல்லுதல். பெரிய துண்டாகக் கடித்து, வாயின் இந்தப் பக்கம் ஒதுக்கி, அந்தப் பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடி, கழுத்தை ஆட்டி, மாடு அசைபோடுவதுபோல மெல்லத் தொடங்கினார். சோலைமுத்துவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து லூர்தம்மாள் கேட்டார்: "அப்ப முழுங்குறதுக்கு என்னா சார் சொல்லணும்?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க ஒரு சொல்வீங்கியால் முடியுமா? வாய் நிறையக் கொய்யாவோடு சார் பதிலுக்காக மூச்சை இழுத்தார். சொல் வரவில்லை. கொய்யா போனது. போகக் கூடாத வழியில் போய், பாதியில் நின்றுகொண்டது.

சார் கழுத்தைப் பிடித்தார். கண்கள் பிதுங்கின. பிள்ளைகள் பரபரப்பானார்கள். அடுத்த சொல்!

"ஸ்வாலோ!" என்று கத்தினான் ரோஷன்.

சாகப்போகிற நிலையிலும் சார் அவனை ஒரு முறை முறைத்தார். இவ்வளவு சின்னச் சொல்லா? ரோஷன் உட்கார்ந்துவிட்டான்.

"ஸ்ட்ராங்குலேட்டுங்களா சார்?" என்றான் முகேஷ்குமார்.

அது கழுத்தை நெரிப்பது. இது அதுவல்ல, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டான். சார் உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். தன் உயிர் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்; ஆனால் பையன் சரியான சொல்லை நெருங்கிக்கொண்டிருப்பதும் தெரியும். எதைக் கவனிப்பது? பழக்கம் எது சொன்னதோ அதைக் கவனித்தார். தொண்டையை இன்னொரு முறை சுட்டிக் காட்டி, 'யோசி' என்பதுபோல் நெற்றியைத் தட்டினார்.

பெற்றோர் கை தட்டினார்கள்.

"மொத வார்த்தைக்கு அழுதப்பகூடக் கண்ணுல தண்ணி வரல. இப்பப் பாருங்க, பொலபொலன்னு ஊத்துது!" என்றார் லூர்தம்மாள் நெகிழ்ந்துபோய்.

"அப்பா, சார் மொகம் நீலமா ஆகுதுப்பா" என்றாள் ஜீவிதா.

"அதுதான் தாயி தொழிலு. சும்மாவா? நானும் எம்புட்டோ நாடகம் பாத்திருக்கேன், நீலமானவன் ஒருத்தன் இல்ல."

முகேஷ்குமார் திடீரென்று துள்ளி எழுந்தான். "சார், சார்! அஸ்பிக்சாட்டுங்க சார்!"

மூச்சுத் திணறிச் சாவது. அதேதான்! கண் இருட்டிக்கொண்டு வந்த அந்த நேரத்திலும் கிறிஸ்துராஜ் சாரின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. மாடியில் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியது வீண் போகவில்லை. கொய்யாக்காட்டுப் பையன் ஒருவன் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் அடுத்த கணமே அந்தக் குளிர்ச்சியில் ஒரு முள் குத்தியது. உச்சரிப்பு தப்பு. 'அஸ்ஃபிக்ஸியேட்' அல்லவா? நடுவில் 'ஸி' என்று ஓர் அசை எங்கே போயிற்று? இதைத் திருத்தாமல் செத்தால் இந்தப் பையன் ஆயுசுக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பானே. நாளைக்கு ஒரு நேர்முகத் தேர்வில் சொல்வானே. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார்களே!

தள்ளாடிக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸை எடுத்தார். சொல்லை அசை அசையாகப் பிரித்து எழுதத் தொடங்கினார். இரண்டாவது அசை முடிந்தது. மூன்றாவதில் சாக்பீஸ் ஒரு நீண்ட கோடாகக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போக, அதன் பின்னாலேயே சாரும் போனார்.

கைதட்டலில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன.

ஜீவிதா மட்டும் தட்டவில்லை. அவள் படிகளில் ஆம்புலேட் செய்யவில்லை, ஓடினாள். "அக்கா! சாருக்குத் தொண்டையில அடைச்சுக்கிருச்சு!"

அல்போன்சா காபித் தட்டோடு மேலே வந்தார். ஒரு பார்வை பார்த்தார். தட்டை லூர்தம்மாள் மடியிலேயே வைத்தார். "ஏலே, நின்னு வேடிக்கையா பாக்குறீங்க? மூச்சு முட்டிச் சாகப்போறாருலே மனுசன்!"

"அதேதானுங்கக்கா, அஸ்பிக்சாட்டு!" என்றான் முகேஷ்குமார், தன் விடை சரியென்று உறுதியான சந்தோஷத்தில்.

அல்போன்சா புருஷனைத் தூக்கி நிறுத்தி, முன்பக்கமாக வளைத்து, நடுமுதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அந்த முதல் அடி கொய்யாவுக்காக. அடுத்தது, போன ஈஸ்டருக்கு வந்த அண்ணன் எதிரிலேயே, தான் வைத்த குழம்பைப் புருஷன் ஏதோ ஒரு பெருஞ்சொல்லால் வர்ணித்ததற்காக. அதற்கு அர்த்தம் 'சப்பென்று இருக்கிறது' என்று அண்ணன் ஊருக்குப் போய் விசாரித்து எழுதியிருந்தார். அதற்கடுத்த அடிகளுக்கும் தனித்தனி வரலாறு இருந்தது.

"துப்புங்க! துப்புங்கங்கிறேன்ல!"

"எக்ஸ்பெக்டரேட்!" என்று மாடி முழுக்க ஒரே குரலில் முழங்கியது. உச்சரிப்பு அட்சர சுத்தம்.

கொய்யாத் துண்டு புறப்பட்டு வந்து சோலைமுத்துவின் தோள்துண்டில் விழுந்தது. அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

சார் தரையில் உட்கார்ந்து, உலகத்துக் காற்றையெல்லாம் உள்ளே இழுத்தார். பிறகு வாயைத் திறந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தண்ணி" என்றார்.

அந்த மாடியில் அவர் வாயிலிருந்து இவ்வளவு சிறிய சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அல்போன்சா சொம்பை நீட்டினார். சார் அண்ணாந்து குடித்தார். ஒவ்வொரு மடக்கும் இறங்க இறங்க, அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை, சேர்க்கவும் வேண்டாம் நீட்டவும் வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. ஈரக்கையால் அல்போன்சாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே செத்த நேரம் இருந்திருந்தால் மனிதர் குணமாகியிருப்பார்.

"சார், தண்ணிக்குப் பெரிய வார்த்தை என்னங்க சார்?" என்றான் முகேஷ்குமார்.

சார் அல்போன்சாவின் கையை விட்டுவிட்டு எழுந்தார். "மொதல்ல அந்த அஸ்ஃபிக்ஸியேட்ட எழுதி முடிப்போம். நடுவுல 'ஸி' இருக்குடா" என்றபடி சாக்பீஸைத் தேடினார்.

லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தைக்கு உசுரையே குடுக்குறாரு. இவரப் போயி தப்பா நெனச்சேனே! எம்மவன் இங்கனயே படிக்கட்டும் சார்." சோலைமுத்து ஒரு படி மேலே போய், தம்பி பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்ப்பதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

அது நடிப்பில்லை, நிஜம் என்று அல்போன்சா தெருவில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. "சும்மா இருங்கக்கா, அடக்கத்துக்குச் சொல்றீங்க" என்றார்கள். சார் மறுக்கவில்லை, சில மாதங்களில் அவரே அதை நடிப்பு என்று நம்பத் தொடங்கிவிட்டார். மாடியில் இடம் போதாமல் இரண்டு பிரிவாக வகுப்பு நடந்தது. ரோஷன் பொதுத்தேர்வில் 'ஃபீவர்' என்று எழுதிப் பாஸானான். அதை சாரிடம் சொல்லவில்லை. அவன் போட்டோதான் சார் அடித்த அந்த வருஷத்து நோட்டீசில் நடுவில் பெரிதாக இருந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'பாவம், இப்படியும் ஒரு மனிதரா' என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. ஒரு மனிதர் தரையில் விழுந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சொல்லைச் சரியாக எப்படிச் சொல்வது என்று நீங்கள் மெதுவாக ஒரு தடவை உதட்டை அசைத்துப் பார்த்தீர்கள்.

பார்த்தீர்கள். மறுக்காதீர்கள்.